ஏழு தூண்களுக்குக் கூரை போடப் பதினான்கு மாதம்

கடலூர் மாவட்டத்தில் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். வீடு திருப்பாதிரிப்புலியூரில். தினமும் பஸ் ஏறி, அந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கி, நடந்து அலுவலகம் போவேன். நாங்கள் கட்டியதையும் கட்டாமல் விட்டதையும் தினம் இரண்டு வேளை பார்த்துக்கொண்டுதான் போயாக வேண்டும். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதில் வரும் தவறுகள் எங்கள் மேசையில் நடந்தவை. இன்று அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை அதற்காகச் சங்கடப்படுத்த எனக்கு மனசில்லை.

நிலையத்தின் கிழக்குப் பக்கம் புறநகர் பஸ்கள் நிற்கும் இடத்தில் ஒரு நடைமேடை கட்டினோம். ஏழு தூண்கள் எழும்பின. அதோடு வேலை நின்றது. பதினான்கு மாதம் அந்தத் தூண்கள் கம்பி நீட்டிக்கொண்டு வெயிலில் நின்றன. ஜனங்கள் தூணின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் வரிசையாக ஒட்டி நிற்பார்கள். பதினோரு மணிக்கு நிழல் சுருங்கும்போது வரிசையும் சுருங்கும். அங்கே கூடை வைத்திருந்த பூக்கார அம்மா ஒருநாள் என் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டார்: "ஏம்மா, பணம் வந்துட்டுதுன்னு பேப்பர்ல போட்டிருந்தானே. அப்புறம் ஏன் எங்களை இப்படி வெயில்ல நிக்க வச்சிருக்கீங்க?"

அவருக்கு அன்று ஒரு வரியில் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இந்தப் பதிவு அந்தப் பதில்தான். மானியத்தில் பேருந்து நிலையமோ பணிமனையோ கட்டும் அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கும், ஊர் விஷயத்தில் அக்கறைப்பட்டுத் தகவல் கேட்பவர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

பேப்பரில் வரும் 'நிதி ஒதுக்கீடு' என்பது ஒரே நிகழ்ச்சி போலத் தெரியும். பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே கல்யாணம் முடிந்துவிட்டதாக நினைப்பது மாதிரிதான் அது. முதலில் அறிவிப்பு. பிறகு மதிப்பீடு போட்டு அனுப்பினால் நிர்வாக அனுமதி, அதாவது இந்த வேலையை இவ்வளவு தொகையில் செய்யலாம் என்ற அரசின் சம்மதம். அடுத்து பொறியியல் தரப்பில் வரைபடமும் அளவும் விலை விகிதமும் சரிபார்த்துத் தொழில்நுட்ப அனுமதி. டெண்டர் அதற்குப் பிறகு. நிதி விடுவிப்பு, அதாவது கணக்கில் பணம் வந்து விழுவது, தனி. அதுவும் முழுசாக வராது, தவணையாகத்தான் வரும். முதல் தவணையைச் செலவழித்து, அதற்குப் பயன்பாட்டுச் சான்று, அதாவது கொடுத்த பணத்தைக் கொடுத்த வேலைக்கே செலவழித்தோம் என்ற கணக்கு, கொடுத்தால்தான் இரண்டாம் தவணை. எங்கள் ஏழு தூண்கள் முதல் தவணையில் எழுந்தவை. கூரை இரண்டாம் தவணையில் இருந்தது. நடுவில் நின்றது பயன்பாட்டுச் சான்று என்ற ஒரு பக்கக் காகிதம்.

அந்த ஒரு பக்கத்தை நாங்கள் மூன்று முறை அனுப்பினோம். மூன்று முறையும் திரும்பி வந்தது. திருப்பி அனுப்பியவர்கள் மேல் அன்று எனக்கு ரொம்பக் கோபம். பின்னாளில் அந்தக் கோப்பை எடுத்துப் படித்தபோது, அவர்கள் எழுதியிருந்த ஒவ்வொரு வரியும் சரி என்று தெரிந்தது.

முதல் முறை திரும்பி வந்தது மின்கம்பத்தால். நடைமேடை வரும் இடத்தில் மின்கம்பங்கள் இருந்தன. அவற்றை மாற்ற மின்வாரியத்துக்கு டெபாசிட் கட்டினோம். கட்டிய அன்றே அந்தத் தொகை முழுவதையும் 'செலவு' என்று எழுதிச் சான்றில் சேர்த்துவிட்டேன். ஆம், நான்தான் எழுதினேன். கோப்பின் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பினார்கள்: "முன்பணம் செலவாகாது." வேலை முடிந்து, கணக்கு முடித்து, மீதி திரும்பி வந்த பிறகு நிற்கும் தொகைதான் செலவு. அதுவரை பணம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மார்ச் மாதக் கடைசி வாரத்தில் ஒப்பந்ததாரர் சைட்டில் இறக்கி வைத்த கம்பியையும் செங்கல்லையும் செலவாகக் காட்டச் சொல்லி நெருக்குவார்கள். அதுவும் இதே ரகம்தான். சுவராகி, முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் ஏறி, சரிபார்த்துப் பில் ஆன பிறகே அது செலவு. அதற்கு முன்னால் எழுதினால் அடுத்த வருடம் அந்த எண்ணை நீங்களே துரத்த வேண்டியிருக்கும்.

இரண்டாம் முறை திரும்பியது எங்கள் சொந்தப் பங்கால். மானியத்தோடு உள்ளாட்சி ஒரு பங்கு போட வேண்டும் என்பது ஆணையிலேயே இருந்தது. மன்றத்தில் தீர்மானமும் போட்டிருந்தோம், 'உள்ளாட்சியின் பங்கு பொது நிதியிலிருந்து வழங்கப்படும்' என்று. தீர்மானம் இருந்தது, பணம் இல்லை. பொது நிதி என்பது சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்கு மின்கட்டணம், குடிநீர் மோட்டார் ரிப்பேர் எல்லாம் போய் மிஞ்சுவது. எங்களைப் போன்ற சின்ன ஊரில் மிஞ்சவே மிஞ்சாது. முதல் தவணை மானியம் முழுக்கச் செலவாகியிருந்தது, எங்கள் பங்கில் ஒரு ரூபாய்கூட வேலையில் இறங்கவில்லை. இரண்டும் விகிதப்படி சேர்ந்து இறங்க வேண்டும் என்பது நிபந்தனை.

மூன்றாம் முறை வட்டி. மானியப் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் வைத்திருந்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. கணக்கில் இருந்ததால் அதுவும் நம்முடையது என்று எடுத்து வேறு பில்லுக்குக் கொடுத்துவிட்டோம். தணிக்கையில் கேட்டார்கள்: வட்டி எவ்வளவு, எங்கே போயிற்று? நான்கு சாயங்காலம் பாஸ் புத்தகத்தையும் ஒரு அடிஸ்கேலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்கேலை வரி வரியாக இறக்கி, வட்டி வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டேன். எந்த வட்டி எந்த மானியத்தின் இருப்புக்கு வந்தது என்று பிரிக்க முடியவில்லை. ஏனென்றால் அந்த ஒரே கணக்கில் வேறு இரண்டு திட்டங்களின் பணமும் கிடந்தது. நாள்வாரியாக இருப்பைப் பிரித்து விகிதம் போட்டுத்தான் ஒரு எண்ணுக்கு வந்தோம். பெரிய தொகை இல்லை. அந்தச் சின்னத் தொகைக்காக ஏழு தூண்கள் இன்னும் மூன்று மாதம் நின்றன.

மத்திய அரசு மானியத்தில் இது இன்னும் கறார். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி மானியத்துக்கு வரும் வட்டியை அரசின் தொகுப்பு நிதிக்குத் திருப்பிக் கட்ட வேண்டும், அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் பயன்பாட்டுச் சான்று போயாக வேண்டும். மானியத்தில் வாங்கிய சொத்தை முன் அனுமதி இல்லாமல் விற்கவோ வேறு வேலைக்கு மாற்றவோ முடியாது. 2021 ஜூலை 1 முதல், மாநிலங்கள் வழியாக நடக்கும் மத்தியத் திட்டங்களுக்கு எஸ்.என்.ஏ. எனப்படும் ஒற்றை முகமைக் கணக்கு முறை வந்தது. திட்டத்துக்கு மாநிலத்தில் ஒரே ஒரு முகமைக் கணக்கு, கீழே உள்ள அலுவலகங்களுக்கு இருப்பே இல்லாத துணைக் கணக்கு. அந்த முறையில் மத்தியப் பங்கு ஒரு தடவைக்கு 25 சதவீதத்துக்கு மேல் வராது. மாநிலப் பங்கும் சேர்ந்து, வந்ததில் 75 சதவீதமாவது செலவான பிறகுதான் அடுத்தது. முதலில் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் இதைத் திட்டினார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. கையில் பணம் கிடந்து வட்டி ஏறும் தொல்லை போயிற்று.

ஆக, பூக்கார அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான். யாரும் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. பணம் மேலே இருந்தது, நாங்கள் அதை இறக்கிக் கொண்டுவரும் காகிதத்தை ஒழுங்காக எழுதவில்லை.

அதற்கு மேலும் ஒரு விலை கொடுத்தோம். சான்று நிலுவையில் இருந்ததால், அடுத்து அனுப்பிய பொதுக் கழிப்பறைக்கான முன்மொழிவும் கிடப்பில் போடப்பட்டது. பழைய கணக்கு முடிக்காதவனுக்குப் புதுக் கடன் எந்தக் கடையில் கொடுப்பார்கள்?

இரண்டாவது வேலை, நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தை இடித்துக் கட்டுவது. 2021-22இல் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்தை மாநில அரசு 1,000 கோடி ரூபாயில் அறிவித்திருந்த நேரம். பல ஊர்களில் பேருந்து நிலையம், சந்தை என்று பேச்சு கிளம்பியிருந்தது. எங்கள் முறை வந்தபோது ஆணையரிடம் ஒரு விஷயம் கேட்டுக்கொண்டேன்: "சார், மதிப்பீடு எழுதுறதுக்கு முன்னாடி பயன்பாட்டுச் சான்றுப் படிவத்தை ஒரு காப்பி எடுத்து வச்சுக்கலாம்." அவருக்கு முதலில் புரியவில்லை. கடைசியில் எழுத வேண்டிய காகிதத்தை முதல் நாளே கோப்பின் முதல் பக்கமாகத் தைத்தேன். அதில் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே, இந்த எண் எந்தப் பதிவேட்டிலிருந்து வரும், அதை எழுதுவது யார் என்று பென்சிலில் குறித்தேன். வெறும் படிவம்தான், ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு பின்னோக்கி நடந்ததில் முன்பு விழுந்த பள்ளங்கள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தன.

சொந்தப் பங்குக்குத் தனிக் கணக்கு தொடங்கினோம். நிலையத்துக் கடை வாடகையும் பஸ் நுழைவுக் கட்டணமும் வந்த மாதமே அதில் ஒரு பகுதியைப் போட்டுவிடுவோம். மன்றத் தீர்மானத்தில் 'வழங்கப்படும்' என்று எழுதாமல் எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து, எந்த மாதம், எவ்வளவு என்று எழுத வைத்தோம். இதைச் செய்ய வைக்க இரண்டு கூட்டம் ஆயிற்று. கவுன்சிலர் ஒருவர் என்னைப் பார்த்து, "மேடம், நீங்க வீட்டுச் சீட்டு மாதிரி நடத்துறீங்க" என்றார். ஆமாம், சீட்டு மாதிரிதான். மாதம் தவறாமல் கட்டினால்தான் எடுக்க முடியும்.

நிலம் பற்றியும் சொல்ல வேண்டும். பேருந்து நிலையம் ஐம்பது வருடமாக அங்கே இருக்கிறது, நிலம் நம்முடையதுதான் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். சர்வேயரை அழைத்து நகர நில அளவைப் பதிவேட்டையும் புல வரைபடத்தையும் ஒத்துப் பார்த்தால், மேற்கே ஒரு பட்டை நிலம் வாய்க்கால் புறம்போக்கு. பழைய கூடத்தின் ஒரு மூலை அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தது. நீர்நிலைப் புறம்போக்கை வகைமாற்றம் செய்வது லேசில் நடக்காது, நடக்கவும் கூடாது. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வாய்க்காலை மூடியதன் பலனை 2015 நவம்பரில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பார்த்தவர்கள் நாம். கூடத்தைக் கிழக்கே தள்ளி வரைந்தோம். இடம் குறைந்தது, ஒரு கடை குறைந்தது, வாய்க்கால் பிழைத்தது. இது டெண்டருக்கு முன்னால் தெரிந்ததால் ஒரு மாதம்தான் போயிற்று. வேலை உத்தரவு கொடுத்த பிறகு தெரிந்திருந்தால் கோர்ட்டு, நஷ்டஈடு என்று கூடம் எப்போது வந்திருக்கும் என்றே சொல்ல முடியாது.

அந்த வெள்ளம்தான் கூடத்தின் தரை உயரத்தையும் தீர்மானித்தது. உதவிப் பொறியாளர் சின்ன வயசுப் பையன், நல்ல உழைப்பாளி. நிலையத்துக்கு எதிரே டீக்கடைச் சுவரில் 2015 தண்ணீர் நின்ற அடையாளம் கோடாக இருந்தது. அதைக் கடைக்காரர் வெள்ளையடிக்கும்போதுகூட விட்டுவைத்திருந்தார். டேப் பிடித்து அளந்துவிட்டு, சாலையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும் என்றார் தம்பி. சரி என்றோம். மதிப்பீட்டில் நான்கு படி வரைந்திருந்தார்.

எங்கள் நிலையத்தில் மூன்று சக்கர வண்டியில் வந்து பேனா, பர்ஸ், சாவிக்கொத்து விற்கும் ஒருவர் உண்டு. பழைய கூடத்தில் தரை சாலையோடு சமமாக இருந்ததால் நேரே வண்டியோடு உள்ளே வந்துவிடுவார். மதிப்பீட்டுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அவர் ஞாபகம் வந்தது. "தம்பி, இந்தப் படியில அவர் எப்படிப்பா ஏறுவார்?" என்று கேட்டேன். பையன் பேசவில்லை. அப்புறம் கணக்குப் போட்டுக் காட்டினார். சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு வேண்டும். 15 சென்டிமீட்டர் உயரம் என்றால் 1.8 மீட்டர் நீளம் போதும். 60 சென்டிமீட்டர் என்றால் 7.2 மீட்டர். கூடத்தின் முன்னால் அவ்வளவு நீளத்துக்கு இடம் விட்டால் பஸ் திரும்ப முடியாது. உயரத்தைக் குறைத்தால் வெள்ளம், உயர்த்தினால் மாற்றுத்திறனாளிகளும் வயசானவர்களும் வெளியே. பக்கத்துச் சுவரை ஒட்டி ஒரு தடவை மடக்கி, நடுவில் ஒரு சமதளம் விட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து வரைந்தார். அழகாகவே வந்தது.

ஆனால் அதற்குள் நிர்வாக அனுமதி வந்துவிட்டது, அதில் சாய்தளத்துக்குப் பணம் இல்லை. டெண்டரில் மதிப்பீட்டைவிடக் குறைவாகக் கேட்டதால் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மிச்சம் இருக்கிறதே என்று நாமாக எடுத்துச் செலவழிக்க முடியாது. அனுமதித்த வேலைக்கு மட்டும்தான் அனுமதித்த பணம். திருத்திய மதிப்பீடு போட்டு, காரணம் எழுதி, வெள்ள அளவின் புகைப்படமும் வைத்து அனுப்பினோம். மூன்று மாதம் கழித்து ஒப்புதல் வந்தது. சாய்தளம் வந்தது. முதல் மதிப்பீட்டிலேயே எழுதியிருந்தால் அந்த மூன்று மாதம் மிச்சம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016லேயே வந்துவிட்டது, அதன்படி இது கட்டாயமாகச் செய்ய வேண்டியது. படி மட்டும் வரைந்த ஒரு பேருந்து நிலைய வரைபடம் உங்கள் மேசைக்கு வந்தால் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

அதே வேலையில் ஜி.எஸ்.டி.யும் ஒரு அடி அடித்தது. அரசுக்கும் உள்ளாட்சிக்கும் செய்யும் கட்டுமான வேலைகளுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2022 ஜூலை 18 முதல் 18 சதவீதம் ஆயிற்று. ஒரு கோடி ரூபாய் வேலைக்கு 6 லட்சம் கூடுதல். அனுமதித்த தொகை பழைய வரியில் போட்டது. ஒப்பந்தத்தில் வரி மாறினால் யார் ஏற்பது என்று தெளிவாக எழுதியிருந்ததால் சண்டை வரவில்லை. கூடுதல் சுமை எங்கள் பொது நிதியின் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு எந்த மதிப்பீட்டிலும் வரியை வேலையின் விலையோடு கலந்து எழுத நான் விட்டதில்லை. தனி வரியில் இருந்தால் கூடினாலும் குறைந்தாலும் உடனே காட்டி, திருத்தம் கேட்கலாம்.

காலக்கணக்கு இன்னொரு பாடம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது என்று கையில் பன்னிரண்டு மாதம் இருப்பதாகத் தோன்றும். எங்கள் ஊர்ப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மண் வேலை நடக்காது. தமிழ்நாட்டு டெண்டர் விதிகளில் 2 கோடிக்கு மேற்பட்ட வேலைக்கு டெண்டர் கேட்க முப்பது நாளாவது அவகாசம் கொடுக்க வேண்டும். பிறகு தகுதிக்கு ஒன்று, விலைக்கு ஒன்று என இரண்டு கவர் திறந்து பார்ப்பது, மன்ற ஒப்புதல், உடன்படிக்கை. சாதாரணமாகவே மூன்று மாதம் போய்விடும். நடுவில் தேர்தல் வந்தால் அதுவும். 2024இல் மார்ச் 16 அன்று நடத்தை விதி அமலுக்கு வந்து ஜூன் 6 வரை இருந்தது. எங்கள் கூடத்தின் மின் வேலைக்கான சின்ன டெண்டர் ஒன்று அதில் மாட்டி அப்படியே கிடந்தது. மார்ச் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தால், ஜூலைக்குள் வேலை உத்தரவு கொடுக்காத வேலை அந்த வருடம் அஸ்திவாரத்தைத் தாண்டாது. என் அனுபவத்தில் ஒருதடவைகூட இது பொய்க்கவில்லை.

என் தங்கை புதுச்சேரியில் முதலியார்பேட்டையில் இருக்கிறாள். கடலூரிலிருந்து ரெட்டிச்சாவடி, கன்னியகோவில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் வழியாக அடிக்கடி போவேன். புதுச்சேரி 2017இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது. அந்தத் திட்டத்தில்தான் மறைமலை அடிகள் சாலைப் பேருந்து நிலையத்தைப் புதிதாகக் கட்டினார்கள். வேலை நடந்தபோது, 2024 ஜூனிலிருந்து, பஸ்கள் எல்லாம் கடலூர்ச் சாலையில் உள்ள ஏ.எஃப்.டி. திடலுக்கு மாறின. அடுத்த வருடம் மே மாதம் புது நிலையம் திறந்தது. அந்தத் திடலில் இறங்கும்போதெல்லாம் நான் ஒரு கணக்குக்காரியாகத்தான் சுற்றிலும் பார்ப்பேன். தற்காலிகக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, நடமாடும் கழிப்பறை, விளக்கு, மழை பெய்தால் கொட்ட வேண்டிய ஜல்லி. பழைய நிலையத்தை மூடும் நாளிலிருந்து புது நிலையம் திறக்கும் நாள் வரை ஜனங்கள் எங்கே நிற்பார்கள் என்பதும் திட்டச் செலவுதான். எங்கள் ஊரில் இதை மதிப்பீட்டில் ஒரு மொத்தத் தொகையாக எழுதினோம், போதவில்லை. பாதி மழைக்காலத்தில் ஜல்லி தீர்ந்துவிட்டது. திறந்த வெளியில் பஸ் நிறுத்தும் திட்டம் இருந்தால், ஒரு மழைக்காலம் முழுக்க அங்கேயே இருக்க நேரும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஸ்மார்ட் சிட்டித் திட்டம் 2025 மார்ச் 31ஓடு முடிந்துவிட்டது. இப்போது நகரப் பேருந்து என்றால் எல்லோரும் பேசுவது பி.எம். இ-பஸ் சேவா. 2023 ஆகஸ்ட் 16 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 10,000 மின்சாரப் பேருந்துகள், மொத்த மதிப்பு 57,613 கோடி, அதில் மத்திய அரசு 20,000 கோடி. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி 3 லட்சமும் அதற்கு மேலும் உள்ள நகரங்களுக்கும், யூனியன் பிரதேசங்களின் தலைநகரங்களுக்கும் பொருந்தும். புதுச்சேரி அந்த வரம்புக்குள் வருகிறது. கடலூரின் 2011 எண்ணிக்கை 1,73,636. கடலூர் 2021இல் மாநகராட்சியாகியும் இந்தக் கதவு திறக்கவில்லை. கடலூரின் கெடிலத்துக்கும் புதுச்சேரியின் அரியாங்குப்பத்துக்கும் நடுவில் ஒரு மணி நேரப் பஸ் பயணம்தான். பதினைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு தலைக்கணக்கு இரண்டையும் வேறு வேறு வரிசையில் நிறுத்துகிறது. இது எனக்கு ஏற்பில்லை. ஆனாலும் விதி இருக்கும் வரை, மனு எழுதுவதற்கு முன்னால் தகுதி விதியை ஒருமுறை படித்துவிட்டால் ஆறு மாத அலைச்சல் மிச்சமாகும்.

தகுதி உள்ள ஊர்களும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த முறையில் பஸ்ஸை நகரம் வாங்குவதில்லை. ஒரு நிறுவனம் வாங்கி ஓட்டும், ஓடிய கிலோமீட்டருக்கு நாம் பணம் கொடுப்போம். டிக்கெட் வசூல் நமக்கு. 12 மீட்டர் பஸ்ஸுக்கு மத்திய உதவி கிலோமீட்டருக்கு 24 ரூபாய், அதுவும் பத்து வருடம்தான். ஒரு பேச்சுக்கு, நிறுவனம் கிலோமீட்டருக்கு 60 ரூபாய் கேட்கிறது, பஸ் நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 36 ரூபாய், ஒரு பஸ்ஸுக்கு ஒரு நாளில் 7,200 ரூபாய், டிக்கெட்டிலிருந்தோ அரசு நிதியிலிருந்தோ வர வேண்டும். கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்தாக வேண்டும். கொடுக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்காகவே 2024 செப்டம்பரில் 3,435.33 கோடியில் ஒரு கட்டணப் பாதுகாப்பு ஏற்பாடு வந்தது. நிலுவையை அந்த நிதி கொடுத்துவிடும், பிறகு மாநிலக் கணக்கிலிருந்து ரிசர்வ் வங்கி மூலம் நேராகப் பிடித்துக்கொள்வார்கள். ஆக, மானியம் என்று பெயர் இருந்தாலும் கையெழுத்துப் போடுவது பத்து வருட மாதாந்திரச் செலவுக்கு.

கட்டடத்திலும் இதே கதைதான். கூடம் கட்ட மானியம் கிடைக்கும், கூட்டிப் பெருக்க யாரும் மானியம் கொடுப்பதில்லை. எங்கள் புதுக் கூடம் திறந்து மூன்றாம் மாதம், தாய்மார் பாலூட்டும் அறையில் மின்விசிறி நின்றுவிட்டது. பழுதுபார்க்க எந்தத் தலைப்பில் பணம் என்று தேடினோம், தலைப்பே இல்லை. அதற்காகக் கடை வாடகையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்றே மன்றத்தில் ஒதுக்க வைத்தோம். இதைத் திறப்பு விழாவுக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டும், விழா வேலையில் விட்டுவிட்டோம். கைக்குழந்தையோடு அந்த அறைக்குள் வியர்வையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்தது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

புகைப்படம் எடுப்பதில் ஒரு பழக்கம் கைகொடுத்தது. டீக்கடை வாசல் படியில் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்தோம். ஒவ்வொரு பில்லுக்கும் அதே இடத்தில் நின்று, அதே திசையில் ஒரு படம். பதினாறு பில், பதினாறு படம். வரிசையாக வைத்தால் கூடம் மண்ணிலிருந்து எழுவது தெரியும். தணிக்கைக்கு வந்தவர் அதைப் புரட்டிவிட்டு, கேட்க நினைத்த பாதிக் கேள்வியைக் கேட்கவே இல்லை. இரண்டாவது வேலையின் இறுதிச் சான்றை ஒரே முறைதான் அனுப்பினோம். திரும்பி வரவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, அங்கே ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி ஊர் ஊராகப் புகுந்தது. எங்கள் நிலையத்திலும் தண்ணீர் ஏறியது. பொறியாளர் தம்பி ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்தார். "மேடம், கூடத்துக்குள்ள வரல. ஒரு சாண் கீழ நின்னுடுச்சு. சுத்துப்பட்டு ஜனங்க ஒரு நூறு பேர் உள்ளதான் இருக்காங்க. சாய்தளம் வழியா ஒரு பாட்டிய நாற்காலியோட தூக்கிட்டு வந்தாங்க." எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் வாரம் ஒருமுறையாவது போன் செய்வாள். போன வாரம் கேட்டது சொத்துப் பதிவேடு பற்றி. மானியத்தில் வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் எண் போட்டு, எந்த ஆணை, எந்தத் தேதி, எங்கே இருக்கிறது என்று எழுத வேண்டிய பதிவேடு அது. "அக்கா, பெஞ்சுக்குக்கூடவா நம்பர் போடணும்?" என்றாள். பெஞ்சுக்குத்தான் முதலில் போட வேண்டும், கண்ணு, அதுதான் முதலில் காணாமல் போகும் என்றேன். மஞ்சள் பெயிண்ட் வாங்க எந்தத் தலைப்பில் பில் போடுவது என்று அடுத்துக் கேட்டாள். பராமரிப்புத் தலைப்பில் போடச் சொன்னேன்.